முகம் திருப்பிய அத்திமரம்

அத்திமரத்து அணில் பிச்சமுத்து நல்லவன். பக்கத்துப் பொந்து மைனா ரங்கநாயகி அவனைவிட நல்லவள். உச்சிப்பொந்து ஆந்தை வேதாசலம் எல்லாரையும்விட நல்லவர். இவ்வளவு நல்லவர்கள் குடியிருந்த மரத்தில்தான் பட்டப்பகலில் திருட்டுப் போய்க்கொண்டே இருந்தது!

அந்த மரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் நின்றது. நான்கு யானைகள் சுற்றி நின்றாலும் அடிமரத்தை மறைக்க முடியாது. வேர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன. எத்தனை கிளைகள், எத்தனை பொந்துகள்! பொந்துக்கொரு குடும்பம், கிளைக்கொரு குடும்பம் என்று ஒரு சின்ன ஊரே அதில் இருந்தது. வெயில் காலத்தில் அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், யாருக்கும் ஒரு நிமிடம் பேச்சு வராது.

இத்தனை பேர் நெருக்கியடித்து வாழும் இடத்தில் ஒரு மரியாதை வேண்டாமா? வேண்டும் என்று எந்தக் காலத்திலோ, ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு முடிவு செய்தார்கள். அடுத்தவர் வீட்டை யாரும் பார்க்கக் கூடாது. அதுதான் மரத்தின் வழக்கம்.

வீட்டுக்காரர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், "க்கும்! வீட்டாள் வர்றேன்!" என்று கனைத்துக் குரல் கொடுப்பார். உடனே சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் என்ன கொண்டுபோகிறார், என்ன கொண்டுவருகிறார் என்று பார்ப்பது அநாகரிகம்!

இந்த மரியாதையில் வேதாசலத்தை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் கொஞ்சம் தலையைச் சாய்ப்பார்கள். அவரோ ஆந்தை அல்லவா? கழுத்தை அப்படியே சுழற்றி முகத்தை முதுகுப் பக்கமே கொண்டுபோய்விடுவார்! அதனாலேயே அவரை மரத்துக்குத் தலைவர் ஆக்கியிருந்தார்கள். தலைவராவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களும் உலகத்தில் உண்டு.

ஏரிக்கு அக்கரையில் நெடுவாலன் என்ற வால்காக்கை இருந்தான். காவி நிற உடம்பு, கறுத்த தலை, உடம்பைவிட நீளமான வால். குரலைப் பலவிதமாக மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரன். ஒருநாள் அத்திப்பழம் தின்ன வந்தவன் இந்த வேடிக்கையைப் பார்த்தான். 'அட, இப்படியும் ஒரு ஊரா!' என்று வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அணிலின் பொந்துக்குள் நுழைந்தான். ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த நிலக்கடலையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அங்கே நின்று, "க்கும்! வீட்டாள் வர்றேன்!" என்று கனைத்தான்.

எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிர்க்கிளையில் உட்கார்ந்திருந்த பிச்சமுத்துவும் சேர்ந்து திருப்பிக்கொண்டான்! அதோடு விட்டானா? யார் வீட்டாளோ என்னவோ என்று எண்ணி, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க!" என்று மரியாதையாக வழியனுப்பியும் வைத்தான். போனது அவன் வீட்டுக் கடலை!

அடுத்து மைனா வீட்டில் ஒரு முட்டை போயிற்று. அடுத்து, கீழ்க்கிளையில் புதிதாகக் குடிவந்த தையல்சிட்டு அஞ்சலையின் கூட்டில் எல்லா முட்டைகளும் போயின. கூடாகத் தைத்திருந்த இலை கிழிந்து தொங்கியது.

அஞ்சலை அரைச் சாண் நீளமே உள்ள குருவி. அவள் அழுத அழுகையில் அடுத்த கிளை இலையெல்லாம் நடுங்கியது. எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டே!

மரத்தில் கூட்டம் கூடியது.

"என் கடலை போச்சே ஐயா!" என்றான் பிச்சமுத்து.

"என் முட்டை போச்சு! வீட்டுக்குள்ள இருந்த முட்டை!" என்றாள் ரங்கநாயகி.

வேதாசலம் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். தூங்குகிறாரோ என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"உங்க வீட்டுல என்ன இருக்குன்னு திருடனுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரோ எட்டிப் பார்த்திருக்காங்க! நம்ம வழக்கத்தை யாரோ மீறியிருக்காங்க!"

"ஆமாம், ஆமாம்!" என்றார்கள் எல்லாரும். ஒருவரையொருவர் சந்தேகமாக நினைத்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளவில்லை, பார்க்கத்தான் கூடாதே!

"அதனால, இனிமே முகத்தைத் திருப்பினா மட்டும் போதாது. கண்ணையும் இறுக்கி மூடிக்கணும்!" என்றார் வேதாசலம்.

"அருமை ஐயா, அருமை!" என்று மரமே ஆர்ப்பரித்தது. இலை மறைவில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நெடுவாலனும் மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டான்.

பிச்சமுத்து வாசலில் தேங்காய் நாரை அடைத்தான். ரங்கநாயகி சுள்ளிகளை வைத்து வாசலைச் சுருக்கினாள். நெடுவாலன் நாரை உருவி எறிந்தான். சுள்ளியைத் தள்ளிவிட்டு நுழைந்தான். நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் செய்தான். யார் பார்க்கப் போகிறார்கள்?

அஞ்சலை மறுபடி ஒரு கூடு தைத்தாள். மறுபடி முட்டையிட்டாள். மூன்று முட்டைகள். அவள் கணவன் விடிந்ததும் பருத்திக்காட்டுக்குப் புழு தேடப் போய்விடுவான். அவள் கூட்டைவிட்டு நகரவில்லை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முட்டைகளும் போய்விட்டால் இந்த வருஷம் அவளுக்குப் பிள்ளையே கிடையாது.

ஒருநாள் காலையில் ரங்கநாயகி அவளோடு பேச வந்தாள். கூட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அஞ்சலையும் மரியாதைக்கு முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள்.

அப்போது ரங்கநாயகியின் பொந்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

"க்கும்! வீட்டாள் வர்றேன்!"

ரங்கநாயகி சட்டென்று கண்ணை இறுக்கி மூடினாள். அஞ்சலையும் மூடினாள். மூடிய மறுநொடியே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா! அது உங்க வீடுதானே?"

"ஆமா."

"உங்க வீட்டுக்காரரு?"

"அவரு விடிகாலையிலேயே மாட்டு மந்தைக்குப் பூச்சி பிடிக்கப் போயிட்டாரே."

"நீங்க இங்க இருக்கீங்க. அப்ப அங்க வீட்டாள்னு சொல்றது யாரு?"

ரங்கநாயகிக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அஞ்சலை காத்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தாள். தலையைத் திருப்பினாள். பார்த்தாள்!

நீண்ட வால் ஒன்று மைனாவின் வாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கறுத்த அலகில் நீல முட்டை.

"திருடன்! வால்காக்கை! எல்லாரும் பாருங்க! பாருங்க!" என்று அலறினாள்.

யாரும் பார்க்கவில்லை. 'பாருங்க' என்று சொன்னாளா! சீச்சீ, என்ன பெண் இவள்! எல்லாரும் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். நெடுவாலன் அஞ்சலையை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு ஏரிக்கு மேலே பறந்து போனான்.

அன்று மாலையே பஞ்சாயத்து கூடியது. திருடனைப் பற்றி அல்ல, அஞ்சலையைப் பற்றி!

"அடுத்தவங்க வீட்டு வாசலைப் பார்த்தியாம்மா?" என்றார் வேதாசலம்.

"பார்த்தேன் ஐயா. பார்த்ததாலதான் திருடன் யாருன்னு தெரிஞ்சுது."

"அவன் யாருன்னு அப்புறம் பேசிக்கலாம். கூப்பிடாம அடுத்தவங்க வீட்டைப் பார்க்கிறது தப்பா, இல்லையா?"

ரங்கநாயகி மட்டும், "என் முட்டைக்காகத்தானே ஐயா பார்த்தா" என்று முனகினாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனால் ஊர் முழுதும் ஒரு பக்கம் இருக்கும்போது முனகுவதற்கு மேல் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இரு. அதுக்கப்புறம் வேற மரம் பாத்துக்கம்மா" என்றார் வேதாசலம். கடுமையாகச் சொல்லவில்லை. நல்லவர்கள் கொடுமையைக்கூட மென்மையாகத்தான் செய்வார்கள்.

நெடுவாலன் இதையும் கேட்டுக்கொண்டிருந்தான். தன்னைப் பார்த்தவள் இந்த மரத்தில் ஒருத்திதான். அவள் இங்கிருந்தால் தன் பிழைப்புக்கு ஆபத்து. அவள் முட்டைகளை இன்றோ நாளையோ முடித்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டான்.

மறுநாள் மதியம் வந்தான்.

வெயில் நட்டநடு வானத்தில் நின்றது. மரமெல்லாம் சோம்பிக் கிடந்தது. அஞ்சலையின் தலைக்கு மேலேயே கனைப்பு கேட்டது. "க்கும்! வீட்டாள் வர்றேன்!"

மரம் முழுதும் முகங்கள் திரும்பின. கண்கள் மூடின. வேதாசலத்தின் தலை சுழன்று முதுகுப் பக்கம் போய் நின்றது.

"இது என் வீடு! நீ யாருடா வீட்டாள்?" என்று சீறினாள் அஞ்சலை.

"சொல்லிக்கோ. யாரு கேக்கப் போறாங்க?" என்று சிரித்தான் நெடுவாலன்.

அவள் கொத்தினாள். அவள் முழு உடம்பும் அவன் தலையளவுதான் இருக்கும். அவன் ஒரு முறை சிறகால் தட்டினான். அவள் கிளையில் போய் மோதினாள். அவன் அலகை இலையின் ஓரத்தில் வைத்து இழுத்தான். ஒரு தையல் 'டப்' என்று அறுந்தது.

அந்தச் சத்தத்தில் அஞ்சலையின் உயிரே அறுந்தது. ஓடி வாருங்கள் என்று கத்தலாமா? வரமாட்டார்கள். திருடன் என்று கத்தலாமா? நேற்றே கத்தியாயிற்று. தலைவர் கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கூப்பிடாமல் பார்ப்பதுதானே தப்பு? கூப்பிட்டால்?

இத்தனை காலத்தில் அந்த மரத்தில் யாரும் யாரையும் தன் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டதே இல்லை.

அஞ்சலை தொண்டை கிழியக் கூவினாள். "பிச்சமுத்தண்ணே! ரங்கநாயகியக்கா! ஐயா! நான் கூப்பிடுறேன்! வீட்டுக்காரி நானே கூப்பிடுறேன்! என் வீட்டை வந்து பாருங்க! தப்பில்ல, பாருங்க!"

பிச்சமுத்து தயங்கினான். கூப்பிட்ட வீட்டைப் பார்க்காமல் இருப்பதும் மரியாதை இல்லையே? ஒரு கண்ணைத் திறந்தான். மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

அப்படியே நின்றுவிட்டான்.

அவன் முதலில் திருடனைப் பார்க்கவில்லை. வீட்டைத்தான் பார்த்தான். இரண்டு பச்சை இலைகள் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. இலவம்பஞ்சு நூல். ஒவ்வொரு துளைக்கும் ஒரு முடிச்சு. ஊசி இல்லை, கை இல்லை. ஓர் அலகு செய்த வேலை! உச்சி வெயில் அந்த இலைகளின் ஊடே பாய்ந்து, உள்ளே எல்லாம் பச்சை வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்துக்குள், சிவப்புப் புள்ளி வைத்த மூன்று முட்டைகள், பஞ்சுப் படுக்கையில்.

"அடேங்கப்பா!" என்றான் பிச்சமுத்து. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எல்லாரும் பாருங்க! இவ வீட்டைப் பாருங்க! நம்ம மரத்துல இப்படி ஒண்ணு இருக்கு!"

ரங்கநாயகி திரும்பினாள். கிளிகள் திரும்பின. குக்குறுவான் பறவைக் குடும்பம் திரும்பியது. கிளைக்குக் கிளை, பொந்துக்குப் பொந்து, மூடியிருந்த கண்கள் திறந்தன. உச்சியில் வேதாசலத்தின் கழுத்து முதுகுப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இரண்டு பெரிய மஞ்சள் கண்கள் கீழே குனிந்தன.

ஒரு சத்தம் இல்லை. யாரும் கொத்தவில்லை. யாரும் துரத்தவில்லை. அந்தப் பெரிய மரம் முழுதும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

அந்த அழகான வீட்டின் மேல் ஓர் அலகு இருப்பதை எல்லாரும் ஒன்றாகப் பார்த்தார்கள். அலகைத் தொடர்ந்து தலையை. தலையைத் தொடர்ந்து நீண்ட வாலை.

நெடுவாலன் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தவன். அஞ்சலையைத் தவிர ஒரு கண்கூட அவனைப் பார்த்ததில்லை. இப்போது நிமிர்ந்தான். எங்கே திரும்பினாலும் கண்கள்! இலை இடுக்கிலெல்லாம் கண்கள்! அவன் கால் கிளையைப் பற்ற மறந்தது.

"க்... க்கும்... வீட்டா..." என்று ஆரம்பித்தான்.

"யாரு வீட்டாள்?" என்றான் பிச்சமுத்து, வாலை விறைத்துக்கொண்டு.

"என் முட்டையைத் தின்னவன் நீதானா?" என்றாள் ரங்கநாயகி. இந்த முறை அவள் முனகவில்லை.

நெடுவாலன் எழும்பிப் பறந்தான். பறக்கவும் சரியாக வரவில்லை. இரண்டு கிளைகளில் மோதிக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் மரத்துக்கே குரல் வந்தது. கிளிகளும் மைனாக்களும் ஏரியின் பாதித் தூரம் வரை அவனை விரட்டிக்கொண்டு போன ஆரவாரம் அக்கரை வயல் வரை கேட்டது!

வேதாசலம் உச்சியிலிருந்து இறங்கி வந்தார். பகலில் அவர் இறங்கி வந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அஞ்சலையின் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அறுந்த தையலைப் பார்த்தார். மீதித் தையலைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார். "எதைப் பார்க்கணுமோ அதைப் பார்க்காம இருக்கிறதையே மரியாதைன்னு நெனச்சுட்டேன். நீ எங்கயும் போக வேண்டாம். ஒண்ணு கேக்கட்டுமா? இந்தத் தையலை எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கத்துக்கல ஐயா. ரெண்டு இலையைப் பக்கத்துல பக்கத்துல பார்த்தா, அலகு தானா தைக்குது" என்றாள் அஞ்சலை. அறுந்த இடத்தைத் தைக்க உட்கார்ந்தாள். ஊரே சுற்றி உட்கார்ந்து, மூச்சு விடாமல் அதைப் பார்த்தது.

தைத்து முடிந்ததும் ரங்கநாயகி, "என் வீட்டையும் வந்து பாருங்களேன்!" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

பிறகு அந்த நாள் முழுதும் மரத்தில் வேறு வேலையே நடக்கவில்லை. ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள், போனார்கள், பார்த்தார்கள், வாய் பிளந்தார்கள். குக்குறுவான் பட்டுப்போன கிளையில் தன் அலகாலேயே குடைந்த வாசல் அத்தனை வட்டமாக இருந்தது! முசுறு எறும்புகளின் இலைப் பந்துக்குள் ஒரு நகரமே ஓடிக்கொண்டிருந்தது! பிச்சமுத்துவின் மெத்தை நாரும் பஞ்சும் பூவுமாக அவ்வளவு மெத்தென்று இருந்தது. கிளிக்குஞ்சு ஒன்று அதில் தூங்கியே போய்விட்டது.

"இவ்வளவு நாளா என்ன மரத்துல குடியிருக்கோம்னே தெரியாம இருந்துட்டோமே!" என்றான் பிச்சமுத்து. அவன் கண் கலங்கியிருந்தது.

யாரும் புதுச் சட்டம் போடவில்லை. வழக்கம் தானாக மாறிவிட்டது. ஒருவர் வாசலைக் கடக்கும்போது, "என்ன, இருக்கீங்களா?" என்று ஒரு குரல். உள்ளிருந்து பதில் வந்தால் சரி. வராவிட்டால் நின்று ஒரு பார்வை. புதுமுகம் ஒன்று கிளையில் உட்கார்ந்தால், "யாருங்க? யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று நாலா பக்கத்திலிருந்தும் அன்பாகக் கேட்டார்கள். நல்லவர்கள் உட்கார்ந்து பழம் தின்றார்கள். மற்றவர்கள் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிச்சமுத்து வாசலில் மீதியிருந்த நாரை எடுத்துவிட்டான். ரங்கநாயகி சுள்ளிகளை ஏரியில் போட்டாள்.

நெடுவாலனும் ஒரு முறை வந்து பார்த்தான். கிளையில் கால் வைக்கும் முன்னே, "என்னப்பா நெடுவாலா, சௌக்கியமா?" என்று உச்சியிலிருந்து வேதாசலத்தின் குரல் கேட்டது. சௌக்கியம் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிட்டான். அக்கரையில் அவன் அதற்குப் பிறகு பூச்சி பிடித்துப் பிழைத்ததாகக் கேள்வி.

மழைக்கு முந்தின ஒரு காலையில் அஞ்சலை மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டாள். இந்த முறை அலறவில்லை, மெல்லத்தான் கூப்பிட்டாள். ஆனாலும் மரம் முழுதும் வந்துவிட்டது. இடம் போதாமல் மேல்கிளைகளில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

முதல் முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் அசைந்தது. ஓட்டைத் தள்ளிக்கொண்டு, ஈரமாக, கண் திறக்காத ஒரு சிறு தலை வெளியே வந்தது. பசியோடு வாயைத் திறந்தது. அந்த வாய் ஒரு கடுகு வெடித்த அளவுதான் இருக்கும்.

"வந்துருச்சு" என்றார் வேதாசலம். காற்றுகூட இலையை அசைக்காமல் நின்றதுபோல் இருந்தது. அந்தக் குஞ்சுக்கு ஒரு தீங்கு வந்தால் தன் வீட்டுக்கே வந்ததாக, அந்த நொடியில் அந்த மரத்தில் இருந்த ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள்.

பக்கத்து வீட்டின் அருமையைக் கண்ணால் பார்த்து அறிந்தவர்கள் வாழும் ஊருக்குத் தனியாக ஒரு காவல்காரன் தேவையில்லை.